உலக முடிவுக்கும் அமாவாசை லீவு

ஆற்று மணலில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தோம். சித்திரை மாதத்து உச்சி வெயில். கமண்டல நாக நதியில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் வெள்ளைப் புடவையுமாக அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கி ஒரு காலை ஊன்றி, பிறகு அதை மாற்றி, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தோம்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு உலகம் முடிவதாக இருந்தது.

கரையில் வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம். ஐஸ் விற்பவர் ஒருவர் சைக்கிளையும் பெட்டியையும் அங்கேயே நிறுத்திவிட்டார். கரைப்பக்கம் திரும்பக் கூடாது, திரும்பினால் பைபிளில் வருகிற பெண்ணைப்போல உப்புத்தூண்தான் என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. நான் திரும்பினேன். சேமியா ஐஸ் அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சங்கு ஊதியது.

அரிசி மில் சங்கு அது. நாள் தவறாமல் பன்னிரண்டு மணிக்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் தறியை விட்டு எழுந்து கை கழுவப் போவார்கள். ஆனால் அன்றைக்கு அது ஊதியதும் எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மாள் "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று மணலில் விழுந்தே விட்டார். சங்கு நீளமாக ஊதி, கடைசியில் வழக்கம்போல் கொஞ்சம் இருமிவிட்டு நின்றது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த அமைதியில் என் அம்மாவின் குரல்தான் கேட்டது.

"இது மில்லு சங்குங்க."

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தெரியும். சும்மா இரு."

அங்கே நின்ற எல்லோருக்கும் ஆண்டவர் வருவாரா என்பது கவலை. எனக்கு வேறு கவலை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒரு முறை தள்ளிப்போயிருந்தது. உலகம் முடிந்தால் அது நடக்காது. முடியாவிட்டாலும் நடக்குமா என்று தெரியவில்லை.

அட்டை குத்துகிற ஐயா

ஆரணியில் எங்களுக்கு 'முழுக்குக்காரங்க' என்று பெயர். நாங்கள் வைத்துக்கொண்டது அல்ல, ஊர் வைத்தது. நெற்றியில் தண்ணீர் தெளித்தால் ஞானஸ்நானம் ஆகாது, ஆளை முழுசாகத் தண்ணீரில் முழுக்கி எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஊர்ச் சபையிலிருந்து பிரிந்து வந்த கூட்டம் எங்களுடையது. முழுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் வாய்த்த ஆற்றைப் பாருங்கள். அதில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். அதனாலேயே கூட்டத்தில் பாதிப் பேர் முழுகாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதில் ஒருத்தி.

கூட்டத்துக்குத் தலைவர் ஞானமுத்து ஐயா. போதகர் படிப்பெல்லாம் கிடையாது. அட்டை குத்துகிறவர். பட்டுப் புடவையில் மாங்காயும் அன்னமும் விழுவதற்கு, தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் துளை போட்ட அட்டைகளை மாலையாகக் கோத்து மாட்டுவார்கள். எந்தத் துளை எங்கே என்று எண்ணி எண்ணிக் குத்துவது அவர் வேலை. ஒரு துளை தப்பினால் அன்னத்துக்கு மூக்கு இருக்காது. வாழ்நாளெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்த மனிதர் ஒருநாள் காலண்டரையும் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு ஒரு கனவு வந்தது. கனவில் ஒரு குரல்: "நீ முதல் அட்டை குத்திய நாள்முதல் தறி இத்தனை நாள் ஓடும். அதற்கப்புறம் ஓடாது."

எத்தனை நாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். படித்துவிட்டு யாராவது எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அவர் முதல் அட்டை குத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அந்தச் சித்திரை மாதத்து மத்தியானம் வந்து நின்றது.

என் அப்பா மாசிலாமணி, அவருக்கு வலது கை. அப்பா நல்ல நெசவாளி. ஞானமுத்து ஐயா குத்திய அட்டையைத் தன் தறியில் மாட்டி நெய்து பழகியவர். அவர் குத்தினால் பூ விழும் என்பது அப்பாவுக்குக் கண்ணால் கண்ட உண்மை. அதே ஆள் உலகம் முடியும் என்றால் அதையும் நம்புவதில் என்ன கஷ்டம்?

இங்கே இல்லை, அங்கேயும் இல்லை

எனக்கு நிச்சயமான பையன் எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டுக்காரர். பெயர் சாமுவேல். அங்கே கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதும் உத்தியோகம். நான் அப்போது ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். எங்கள் வழக்கப்படி வெள்ளைப் பட்டு. அதை வேறு யாரும் நெய்யக் கூடாது, நானே நெய்வேன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

தை வந்தது. அப்பா தறிக்குப் பாவு பூட்டவில்லை. பாவு என்றால் புடவையின் நீள நூல். அதைப் பூட்டிவிட்டால் இரண்டு மூன்று புடவைக்குத் தறி ஓடியே ஆகவேண்டும். சித்திரையில் உலகம் முடியப்போகிறது, பாதி நெய்த புடவையைத் தறியில் விட்டுவிட்டு ஆண்டவரைப் பார்க்கப் போவது மரியாதையில்லை என்றார். கையில் இருந்த பட்டு நூலையும், நெய்யக் கொடுத்த முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் அழுதுகொண்டே கேட்டேன், "அப்போ என் கல்யாணம்?"

"இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா. எதுக்கு இந்த பேஜாரு? மேல போய் நிம்மதியா இருக்கலாம்."

"மேல போனா அங்க பண்ணி வெப்பியா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அங்க கல்யாணம் கெடையாதும்மா" என்றார்.

இங்கே தள்ளிப்போகிறது, அங்கே கிடையவே கிடையாது. பிறகு எனக்கு எங்கேதான் கல்யாணம்?

மறுநாளும் விடிந்தது

மணலிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது இன்னும் நினைவிருக்கிறது. எல்லோருடைய பாதமும் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. டீக்கடை வாசலில் ஒருவர் மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்: "இன்னாங்க, போவலியா?"

காலையிலிருந்து எல்லோரும் உபவாசம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மூடி வைத்திருந்த பாத்திரங்களைத் திறந்தார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம்கூட இருந்தது. அப்பா பாத்திரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்போ செஞ்சது?"

"காலையில."

"நம்பிக்கை இல்லாமதான் அங்க வந்து நின்னியா?"

"நான் வந்து நின்னது உங்களுக்காக. சோறு ஆக்கி வெச்சதும் உங்களுக்காகத்தான். துன்னுங்க."

அப்பா தலை குனிந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்டார். அதைக் கண்டு எனக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிற மனிதர் நாளைக்குத் தறியில் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். உலகம் தெரியாத பெண் நான்.

மறுநாள் கூட்டம் கூடியது. எங்கே தப்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மில் சங்கு சீக்கிரம் ஊதிவிட்டது, நாம் அவசரப்பட்டுக் கண்ணைத் திறந்துவிட்டோம் என்றார் ஒருவர். ஆண்டவர் வந்துவிட்டார், நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்றார் இன்னொருவர். நாம் உருகி ஜெபித்ததால்தான் ஆண்டவர் மனமிரங்கி ஆரணியை விட்டுவைத்திருக்கிறார், இந்த ஊர் நமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மணலில் விழுந்த அம்மாள் அடித்துச் சொன்னார். எனக்கு ஐஸ்காரர் ஞாபகம் வந்தது. நன்றி சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். கூட்டத்தை விட்டு விலகியவர்கள் எல்லாம், முடிவு வரும் என்று சொல்லிக்கொண்டே வீட்டில் எதையும் மாற்றாமல் வைத்திருந்தவர்கள். மாட்டை விற்றவர், பாத்திரத்தைத் தானம் கொடுத்தவர், தறியை நிறுத்தியவர், இவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. போவது இருக்கட்டும், முன்னைவிடச் சூடாகிவிட்டார்கள். அதுவரை வீட்டுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்த என் அப்பா, கையில் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு, அம்மன் கோயில் இருக்கிற படவேட்டுக்கே பிரசங்கம் செய்யக் கிளம்பினார். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸை நம்பிப் போனவர் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அலைந்து கறுத்து வந்து, "இன்னைக்கு ஒருத்தர் நின்னு கேட்டாரு" என்பார். அவர் நின்றதும் அதே பஸ்ஸுக்காகத்தான் இருக்கும் என்பார் அம்மா.

மண்ணெண்ணெய் வரிசை

இதைப் படித்துச் சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றிருக்கிறீர்களா? வண்டி இப்போ வரும், அப்போ வரும் என்பார்கள். காலையில் வந்து நின்றவர் மத்தியானம் ஆனால் கிளம்பிவிடுவாரா? மாட்டார். அப்போதுதான் வந்தவர் வேண்டுமானால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவார். ரொம்ப நேரம் நின்றவர், வண்டி சேத்துப்பட்டைத் தாண்டிவிட்டதாக மற்றவர்களுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருப்பார். அப்பாவும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

எங்களைக் கேலி செய்த ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ, வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அறுந்து கீழே விழப்போவதாகச் செய்தி வந்தது. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் அது ஆரணியில்தான் விழும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வளர்த்த கோழியை எல்லாம் அடித்துக் குழம்பு வைத்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ராசியானார்கள். அது எங்கோ தொலைவில் போய் விழுந்தது. படவேட்டு அம்மன்தான் தள்ளிவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். அண்ணன் தம்பிகள் மறுபடியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோழி போனது போனதுதான்.

சாமுவேல் வெள்ளைச் சட்டை போட்டார்

இதற்கிடையில் சேத்துப்பட்டிலிருந்து சேதி வந்தது. சாமுவேலின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: ஆவணிக்குள் கல்யாணம் நடக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம். ஏன் ஆவணி என்றால், நடுவில் ஆடி வருகிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டோம். கேட்டால் காற்று அதிகம், பந்தல் நிற்காது என்போம்.

(இந்தத் தொடரில் முன்பு என் மாமியாரின் கோபத்தைப் பற்றி எழுதியபோது, கொஞ்சம் கூட்டிவிட்டாய் என்று வீட்டுக்காரர் குறைப்பட்டார். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டவில்லை.)

நான் நொந்துபோனேன். அப்பாவிடம் பேசிப் பயனில்லை. சாமுவேல் வந்து ஒரு வார்த்தை கறாராகப் பேசினால் நல்லது என்று இருந்தேன். அவரும் வந்தார். எப்படி வந்தார்? வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு, ஞாயிற்றுக்கிழமை முழுக்குக்காரர் கூட்டத்துக்கு! ஆண்கள் பக்கம் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அப்பாவுக்கு அப்படி ஒரு பூரிப்பு. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

இன்ஸ்டிட்யூட் வாசலில் அவரை நிறுத்திக் கேட்டுவிட்டேன். "நீங்களும் எண்ண ஆரம்பிச்சிட்டீங்களா?"

"எண்ணறதுதானே கிருபா என் உத்தியோகம்" என்றார்.

"உங்க அம்மா வேற பொண்ணு பாக்கறாங்க. நீங்க இங்க வந்து அல்லேலூயா பாடிகினு இருக்கீங்க."

"கணக்கு இன்னும் முழுசா புரியல. புரியட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். அன்று வகுப்பில் ஒரு பெண் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்ததற்கு நான் போட்ட சத்தத்தில் இன்ஸ்டிட்யூட் முதலாளியே எழுந்து வந்துவிட்டார்.

ஒரு சந்தேகம் அய்யா

அடுத்த கூட்டத்தில்தான் அது நடந்தது. ஞானமுத்து ஐயா கனவை மறுபடியும் விவரித்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் கஷ்டம்தான். தான் குத்திய அட்டையில் பூ விழாமல் போனது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். சாமுவேல் மெதுவாக எழுந்தார்.

"அய்யா, ஒரு சந்தேகம். கனவுல 'இத்தனை நாள்'னு மட்டும் சொன்னாங்களா, 'தறி இத்தனை நாள் ஓடும்'னு சொன்னாங்களா?"

"தறி ஓடும்னுதான் சொன்னாரு."

"அப்போ அமாவாசையைக் கழிச்சீங்களா?"

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. எங்கள் ஊருக்கு அதுதான் வார விடுமுறை மாதிரி, மாதத்துக்கு ஒரு முறை. நூல் கடை, ஜரிகைக் கடை, சாயப்பட்டறை எல்லாம் மூடிவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமாவாசை பார்ப்பது அஞ்ஞானம் என்று அதிகமாக முழங்கியவரே ஞானமுத்து ஐயாதான். அவர் பேச்சைக் கேட்டு அப்பாவும் மற்றவர்களும் அமாவாசையன்று வீம்புக்குத் தறியில் உட்கார்ந்து பார்த்தார்கள். நூல் அறுந்தால் வாங்கக் கடை இல்லை, சும்மா எழுந்து வந்தார்கள். அந்தக் கோபம் மனதில் இருந்த ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்: "நாமதான் அமாவாசை பாக்கறது இல்லியே அய்யா?"

ஞானமுத்து ஐயா கண்ணை மூடினார். விரலை மடக்கி மடக்கி நீட்டினார். திறந்தபோது அந்தக் கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"நாம பாக்கறது இல்ல. ஆனா ஊரு பாக்குது. ஆண்டவர் சொன்னது ஊருத் தறியை!"

அப்பா "அல்லேலூயா!" என்று கத்திய கத்தலில் கூரைப் புறா பறந்தது. இருபது வருஷத்துக்கும் மேலான அமாவாசைகளைக் கழித்தால் எத்தனை நாள் மிச்சம் என்று பாருங்கள். அத்தனை நாளைக்கு முடிவைத் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்ட நாளுக்குள் வரும் அமாவாசைகளையும் கழிக்க வேண்டும் என்று சாமுவேல் பணிவாக எடுத்துக் கொடுத்தார். உலக முடிவு அடுத்த மாசிக்குப் போனது.

அதோடு விட்டார்களா? "பொங்கலுக்கும் தறி ஓடாதே" என்றார் ஒருவர். "தீபாவளிக்கு ஓடுமா?" என்றார் அடுத்தவர். "அடைமழையில பாவு ஈரம் கோத்து நாலு நாள் சும்மா கெடக்கும் அய்யா." "எங்க தெருவுல சாவு விழுந்தா அன்னைக்கு ஓடாது." மாட்டை விற்றவர்தான் எல்லோரையும்விட அதிக லீவு கேட்டார். முடிவு வரவில்லையே என்று அழுத அதே ஆட்கள், ஆளுக்கு ஒரு நாளாக அதைத் தள்ளி வைப்பதில் காட்டிய உற்சாகம் இருக்கிறதே! கடைசியில் ஞானமுத்து ஐயா இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"போதும், போதும்! இப்டியே போனா ஆண்டவர் வரவே மாட்டாரு!"

நான் பெண்கள் பக்கத்திலிருந்து சாமுவேலைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். கண்ணை மூடினாலும் மீசை கொஞ்சம் துடித்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவர்மேல் ஆசை வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பயம்தான்.

பாவு ஏறியது

மறுநாளே அப்பா முதலாளியிடம் போய்ப் பட்டு வாங்கி வந்தார். "மாசி வரிக்கும் நாள் இருக்குதே, கை சும்மா இருக்கக் கூடாது" என்று யாரும் கேட்காமலே சொன்னார். பாவு பூட்டினார். வீட்டில் தறிச் சத்தம் மறுபடியும் கேட்டது. வெள்ளைப் பட்டில் ஜரிகைக் கரை, ஞானமுத்து ஐயாவே குத்திக்கொடுத்த புது அட்டையில் முந்தானை. அன்னத்துக்கு மூக்கு சரியாகவே விழுந்தது.

ஆனாலும் மெதுவாக நெய்தார். மற்ற புடவைக்கு எடுத்துக்கொள்வதைப்போல இரண்டு மடங்கு நேரம். நெய்ததைச் சில நாள் பிரித்துத் திரும்ப நெய்தார். கேட்டால் இழை சரியில்லை என்பார். அம்மா அடுப்படியில் என்னிடம் முணுமுணுத்தார்.

"ஒரே பொண்ணை அனுப்பறதுக்கு பயந்துகினு இந்த மனுசன் ஒலகத்தையே முடிக்கப் பாத்தாரு. நீ வேற, கனவு கினவுன்னு நம்பிகினு."

நான் சிரித்தேன். அம்மா எதையாவது சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. என்னைச் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்பா ஜன்னலோரம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "ஜன்னல் கம்பியில கை வெக்காத, துரு" என்றார். பஸ் கிளம்பி, திரும்புகிற வரைக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை அடங்கவே இல்லை.

சேத்துப்பட்டு மத்தியானம்

புது வாழ்க்கையில் நான் அந்த மாசித் தேதியைச் சுத்தமாக மறந்துவிட்டேன். ஒருநாள் பதினோரு மணி வாக்கில் வாசலில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் அப்பா வந்தார். கையில் வாழைப்பழப் பை. மேலே வெள்ளைச் சட்டை, கீழே வெள்ளை வேட்டி. அந்த வெள்ளையைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்குத்தான் அந்த நாள்.

"இன்னாப்பா, அங்க எல்லாரும் ஆத்துல நிப்பாங்களே?"

"இந்தப் பக்கம் ஊழியம் இருந்திச்சி. அப்படியே வந்தேன்" என்றார். பிரசங்கம் செய்கிற ஒலிபெருக்கி கையில் இல்லை.

மாமியார் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கல்யாணம் நடந்துவிட்டதால் பழைய கோபம் தணிந்திருந்தது. அதோடு, சொல்வதற்கு அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன் சம்பந்தி. கிருபா முழுகாம இருக்கா."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "தெரியுங்க. எனக்கும் அதே கவலதான்."

மாமியார் திகைத்தார். "இதுல இன்னாங்க கவல?"

"எத்தினியோ தடவ சொன்னேன், கேக்கல. ஆத்துல தண்ணி வரட்டும்னு நானும் விட்டுட்டேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. உங்க கெணத்துல தண்ணி கீதா? மத்தியானத்துக்குள்ள முழுக்கிடலாம்."

"அய்யய்யோ! இந்த மாதிரி நேரத்துல புள்ளய கெணத்துல எறக்குவாங்களா?"

"இந்த மாதிரி நேரத்துலதாங்க கண்டிப்பா எறக்கணும்!"

"இன்னாங்க பேசறீங்க? மூணு மாசமா முழுகாம இருக்கா!"

"மூணு மாசமா? பொறந்ததுல இருந்தே முழுகாமதாங்க இருக்கா!"

மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை இல்லை. சாப்பாட்டுக்கு வந்த சாமுவேல் சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் போனேன்.

"அந்த முழுக்கு இல்லப்பா. எனக்குக் கொழந்த பொறக்கப்போவுது."

அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் முகத்தில் அப்படியொரு பீதியை நான் ஆற்று மணலில்கூடப் பார்த்ததில்லை. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்கால் போட்டு, கண்ணை மூடினார்.

மாமியார் கையில் தம்ளரோடு அசையாமல் நின்றார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். கூட்டத்தில் ஜெபிக்கும்போது பேசுகிற தமிழெல்லாம் போய்விட்டிருந்தது. புடவை முடியவில்லை, இன்னும் கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்பாரே, அந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"கொழந்த நல்லபடியா பொறக்கட்டும் ஆண்டவரே."

கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. அப்பா கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பொறந்து, பேர் வெச்சி, எழுந்து நடக்கற வரிக்கும் பாருங்க."

அடித்து முடிந்தது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல சேத்துட்டு அப்பால பேசிக்கலாம். இப்ப இன்னா அவசரம்?"